உரோமாபுரிச் சில்லறை

தெமோதரை புகையிரத நிலையத்தில் அன்று மாலை எங்கள் பிள்ளைகள் வண்டியைக் கண்ணால் காண்பதற்கு முன் காதால் கேட்டனர். பதுளையிலிருந்து மலையேறி வந்த இரவுத் தபால் வண்டி, முதலில் நிலையத்துக்கு நேர் கீழேயுள்ள சுரங்கத்தினுள் நுழைந்தது. மேடையில் நின்றோரின் காலடியில் ஓர் உறுமல் எழுந்து அடங்கிற்று. பின்னர் வண்டி குன்றை ஒரு முறை வளைந்து சுற்றி, சில நிமிடங்கள் கழித்து, ஒன்றும் அறியாதது போல் எங்கள் எதிரே வந்து நின்றது.

இந்த வளைவைப் பற்றி மலைநாடெங்கும் ஒரு கதை வழங்குகின்றது. தோட்டத்துக் கங்காணி ஒருவர் தம் தலைப்பாகையை அவிழ்த்து மறுபடியும் சுற்றிக் கட்டியதைப் பார்த்தே, பொறியியலாளர் விமலசுரேந்திரவுக்கு இருப்புப் பாதையையும் அவ்வாறே சுற்றிவிடலாம் என்ற யோசனை பிறந்ததாம். கதை மெய்யோ புனைவோ, பொறியியலாளரின் பெயர் அதில் இருக்கின்றது. கங்காணியின் பெயர் இல்லை.

2018ஆம் ஆண்டு ஆகஸ்ட் விடுமுறையிலே நாங்கள் புறப்பட்ட பயணம் அது. மாணவ மாணவியர் இருபத்தேழு பேர், ஆசிரியர் இருவர், பெண்பிள்ளைகளுக்குத் துணையாக ஒரு மாணவியின் தாயார். அவர் கொழுந்து பறிக்கும் தொழிலாளி. கொழும்பை அதற்கு முன் ஒரே ஒரு முறை, அதுவும் மருத்துவமனைக்குப் போனபோது பார்த்தவர். வரலாற்றுப் பாடத்தில், பண்டை உரோமருடைய நாணயங்கள் நம் நாட்டிலே கிடைத்துள்ளன என்று ஒரு வாக்கியம் வரும். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு, “அவற்றை எங்கே வைத்திருக்கிறார்கள், சேர்?” என்று வகுப்பில் ஒருவன் கேட்டதன் பயனே இந்த யாத்திரை.

பதுளைக்கு இருப்புப் பாதை திறக்கப்பட்டது 1924ஆம் ஆண்டில். அதே ஆண்டிலேதான் கொட்றிங்டன் என்பார் எழுதிய இலங்கை நாணயங்கள் பற்றிய பெருநூலைக் கொழும்பு நூதனசாலை வெளியிட்டது. இரண்டுக்கும் யாதொரு தொடர்புமில்லை. ஆயினும் எங்களுக்கு அந்தப் பாதையும் வேண்டியிருந்தது, அந்த நூலும் வேண்டியிருந்தது.

ஒன்பது வளைவுப் பாலத்தை அந்தி வெளிச்சத்திலே கடந்தோம். அதற்கப்பால் இருளும் குளிரும்தான். பட்டிப்பொலைக்கு வருமுன்னரே பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து உறங்கிவிட்டனர்.

கொழும்பு நூதனசாலையின் வெள்ளைக் கட்டடமும், அதன் முன்னே விழுதூன்றி நிற்கும் ஆலமரங்களும் காண்போரைச் சற்று அடக்கமாகவே நடக்கச் செய்யும். தேசாதிபதி வில்லியம் கிரெகரியின் முயற்சியால் 1877ஆம் ஆண்டு தைத் திங்கள் முதலாம் நாள் திறக்கப்பட்டது இது. வரைபடம் சிமிதர் என்னும் ஆங்கிலேயருடையது. கட்டியவர் வாப்பிச்சி மரைக்கார். கட்டி முடித்தவருக்கு என்ன வேண்டும் என்று தேசாதிபதி கேட்க, வெள்ளிக்கிழமைகளில் இதனை மூடிவைத்தால் போதும் என்று அவர் விடையிறுத்ததாகச் சொல்வர். நெடுங்காலம் வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலை பூட்டியே இருந்தது.

உள்ளே நுழைந்ததும் பிள்ளைகள் கண்டி மன்னரின் சிங்காசனத்தின் முன் கூடினர். பின்னர் காலியிலே 1911ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்லின் முன் நின்றுவிட்டனர். சீனக் கடற்படைத் தலைவன் செங் ஹோவின் யாத்திரையோடு தொடர்புடைய அக்கல் 1409ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சீனம், தமிழ், பாரசீகம் என்னும் மூன்று மொழிகளிலும் எழுத்து. தேய்ந்த அவ்வெழுத்துகளிடையே ஒரு “க”வையும் ஒரு “ட”வையும் கண்டுபிடித்தவன் பெற்ற மகிழ்ச்சி, சிங்காசனம் கண்டோர்க்கும் இல்லை.

ஆனால் நாங்கள் தேடி வந்தது நாணயங்களை அன்றோ? அவற்றின் முன் போய் நின்றபோது பிள்ளைகளின் முகம் வாடிற்று.

“சேர், இதுதானா ரோமாபுரிக் காசு? தங்கமாக இருக்கும் என்று நினைத்தோமே!”

கண்ணாடிக்குள் இருந்தவை, சட்டைப் பொத்தானைவிடச் சிறிய, கறுத்த, ஓரம் உடைந்த வெண்கலத் துணுக்குகள். ஒவ்வொன்றும் ஒரு கிராமோ இரண்டு கிராமோதான் இருக்கும். கூர்ந்து நோக்கினால் சிலவற்றில் ஒரு தலை தெரியும். சிலவற்றில் ஒரு சிலுவை. சிலவற்றில், குதிரையோடு வீழ்ந்த பகைவனை ஈட்டியால் குத்தும் வீரன். மற்றவற்றில் ஒன்றுமே தெரியாது. பல கைகள் பட்டுத் தேய்ந்து போனவை அவை.

பொன் எங்கே போயிற்று என்பதை அவர்களுக்குச் சொல்ல வேண்டியதாயிற்று. கி.பி. முதலாம் நூற்றாண்டிலே பருவக்காற்றைப் பிடித்து வந்த யவனக் கப்பல்கள் பெரும்பாலும் சேரநாட்டு முசிறியோடு நின்றுகொண்டன. அவற்றுக்கு வேண்டியது மிளகு. பொன்னைக் கொண்டுவந்து கொடுத்து மிளகை ஏற்றிச் சென்ற செய்தியைச் சங்கப் புலவர்களும் பாடியிருக்கின்றனர். ஈழத்து யானைத் தந்தமும் ஆமையோடும் அக்காலத்தில் இந்தியச் சந்தைகளுக்குப் போய் அங்கிருந்தே மேற்கே சென்றன. ஆகவே முதலாம் நூற்றாண்டுப் பொன்னும் வெள்ளியும் தமிழகத்திலேயே மிகுதியாகத் தங்கின. 1898ஆம் ஆண்டு புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் ஒரே புதையலாக 501 உரோமப் பொற்காசுகள் கிடைத்தன. அவற்றுள் மிகப் பலவற்றில் சக்கரவர்த்தியின் முகத்துக்குக் குறுக்கே உளியால் வெட்டிய தழும்பு உண்டு. மறுபடியும் நாணயமாகச் செலவாகாதபடி வெட்டினர் என்பர் சிலர். பொன்னின் தரம் பார்க்க வெட்டினர் என்பர் வேறு சிலர்.

“புதுக்கோட்டையா? எங்கள் அம்மாயியின் ஊர்!” என்றாள் ஒரு சிறுமி. இருபத்தேழு பேரில் புதுக்கோட்டைச் சீமையையும் திருச்சிச் சீமையையும் பூர்வீகமாகச் சொல்வோர் பாதிப்பேர் இருந்தனர். ஐந்நூறு பொற்காசு கிடைத்த ஊரிலிருந்து, பஞ்சம் பிழைக்க அம்மாயியின் முன்னோர் ஏன் மலையேறி வந்தனர் என்று அடுத்த கேள்வி வரும் என எதிர்பார்த்தேன். வந்தது. விடை சொல்ல அரைமணி நேரமாயிற்று.

இலங்கையில் கிடைத்தவற்றுள் மிகப் பெரும்பாலானவை கி.பி. 4ஆம், 5ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த இந்த வெண்கலச் சில்லறைகளே. ஆயிரக்கணக்கில் கிடைத்துள்ளன. இதே வகைக் காசுகள் வைகைக் கரையிலும் கரூரிலே அமராவதி ஆற்றுப் படுகையிலும் அகப்படுவதால், இவற்றுள் பெரும்பகுதி தென்னிந்திய வணிகர் கைவழியாகவே இங்கு வந்திருக்கும் என்று ஆய்வாளர் கருதுகின்றனர். பொற்காசு மன்னனுக்கும் பெருவணிகனுக்கும் உரியது. ஒரு கிராம் வெண்கலத்தைக் கொண்டு யானை வாங்க முடியாது. எண்ணெயும் உப்பும் கீரையும் வாங்கியோர் மடியிலே முடிந்திருந்த காசு இது. உரோமாபுரிச் சக்கரவர்த்தி ஒருவரின் தலை, அனுராதபுரத்துக் கடைத்தெருவிலே ஒரு கிழவியின் முந்தானை முடிச்சுக்குள் கிடந்திருக்கலாம் என்று சொன்னபோது பிள்ளைகள் மீண்டும் கண்ணாடியருகே நெருங்கினர்.

வந்த சில்லறை போதவில்லை போலும். அவற்றைப் பார்த்து இங்கேயே செய்த காசுகளும் ஏராளமாகக் கிடைத்துள்ளன. செய்தவனுக்கு இலத்தீன் எழுத்துத் தெரியாது. எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடுகளைக் கீறிவிட்டான். மன்னனின் தலையும் குழந்தைகள் வரையும் தலைபோல் ஆயிற்று. “கள்ளக்காசா, சேர்?” என்றான் ஒரு மாணவன். அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏமாற்றுவதற்காகச் செய்யப்பட்டவையாய் அவை தோன்றவில்லை. சந்தையில் கொடுக்கல் வாங்கலுக்குச் சிறு காசு இல்லாத இடர்ப்பாட்டைத் தீர்க்க வந்தவை என்றே பலரும் எண்ணுகின்றனர்.

இதற்கு நம் மலைநாட்டிலேயே ஓர் ஒப்புமை உண்டு. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், கோப்பிக் காலத்திலே, இந்நாட்டில் சில்லறைக்குப் பெரும் பஞ்சம் நிலவியது. கொழும்பிலே கோப்பி பதனிட்ட ஆலைகளும் சில தோட்டத்துரைமாரும் தாமே பித்தளையிலும் செம்பிலும் வில்லைகள் அடித்து, கோப்பி தெரிந்த பெண்களுக்கும் பழம் பறித்தோர்க்கும் கூலிக்கு ஈடாகக் கொடுத்தனர். இன்று நாணயம் சேர்ப்போர் அவற்றைப் பெருவிலை கொடுத்து வாங்குகின்றனர். அவை கையில் இருந்தவர்களுக்கோ, குறித்த சில கடைகளுக்கு வெளியே அவை செல்லுபடியாகுமா என்பதே கவலையாக இருந்திருக்கும். பின்னாளில் வந்த தொழிலாளர் கழுத்திலே தொங்கிய, தோட்டத்தின் இலக்கம் பொறித்த தகர வில்லையைப் பற்றியும் சொன்னேன். அதைத் தம் பாட்டனார் தகரப்பெட்டியில் வைத்திருந்ததாக ஒருவன் சொன்னான். நூதனசாலையில் சேர வேண்டிய பொருள்கள் எத்தனை இன்னும் லயத்துத் தகரப்பெட்டிகளில் கிடக்கின்றனவோ!

நண்பகலுக்குப் பின் ஆலமரத்தடியில் அமர்ந்து சோற்றுப் பொதிகளை அவிழ்த்தோம். அங்கேதான் பிளினியின் கதையைச் சொன்னேன். கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது மாண்ட உரோம அறிஞர் அவர். தம் நூலின் ஆறாம் பகுதியில் இலங்கையைப் பற்றி எழுதியிருக்கிறார். செங்கடற் பகுதியின் வரியைக் குத்தகைக்கு எடுத்த அன்னியஸ் பிளோக்காமஸ் என்னும் செல்வனின் ஏவலாள் ஒருவன், அடிமைநிலை நீங்கப்பெற்றவன், அராபியக் கரையோரம் கப்பலிற் சென்றபோது காற்றில் அகப்பட்டான். பதினைந்தாம் நாள் இலங்கையின் துறையொன்றில் வந்து ஒதுங்கினான். மன்னன் அவனை ஆறு திங்கள் விருந்தினனாக வைத்திருந்து உரோமரைப் பற்றி வினவினான். அவனிடமிருந்த வெள்ளிக்காசுகளை வாங்கிப் பார்த்த மன்னனுக்கு ஒரு வியப்பு. காசுகளில் பொறித்த தலைகள் வெவ்வேறு. ஆகவே வெவ்வேறு அரசர் காலத்தில் அடித்தவை. ஆயினும் எல்லாம் ஒரே நிறை. அரசர் மாறியும் நிறை மாறாத நாட்டார் நேர்மையுள்ளவராகவே இருப்பர் என்று கருதி, இராக்கியஸ் என்பவன் தலைமையில் நால்வரைத் தூதனுப்பினானாம்.

அதுவரை பேசாதிருந்த அந்தத் தாயார் சோற்றுக் கையை நிறுத்தினார்.

“அப்போ ராசா காசைப் பார்க்கல, சேர். தராசைப் பார்த்திருக்காரு.”

பறித்த கொழுந்தை நாள்தோறும் தராசில் கொடுத்து, கூடைக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்து எழுதுவதைப் பார்த்து நின்ற ஒருவருக்கு, பிளினியின் பக்கத்தை விளக்க உரையாசிரியர் எவரும் வேண்டியிருக்கவில்லை.

பிளினிக்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளின் பின் எழுதிய கொஸ்மஸ் என்னும் அலெக்சாந்திரியக் கிறிஸ்தவரும் ஒரு காசுக்கதை சொல்கிறார். இலங்கை மன்னன் அவையிலே ஒரு பாரசீகன் தன் அரசனே பெரியவன் என்று பெருமை பேசினான். சோபாத்தர் என்ற உரோம வணிகன், இரு அரசர்களும் இங்கேயே இருக்கின்றனரே, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று உரோமப் பொற்காசையும் பாரசீக வெள்ளிக்காசையும் எடுத்து வைத்து வென்றானாம். இக்கதையிலே சாதுரியம் உண்டு. எனக்கென்னவோ முந்தைய கதைதான் பிடித்திருக்கிறது.

ஆனால் அந்த முந்தைய கதையிலே ஒரு குறை உண்டு. வரி எடுத்த முதலாளியின் பெயரைச் சொன்ன பிளினி, காற்றிலே அடிபட்டு வந்து மன்னனோடு பேசியவனின் பெயரைச் சொல்லவில்லை. கங்காணி கதையைப் போலத்தான். எனினும் இதற்கு ஒரு பின்குறிப்பு கிடைத்திருக்கிறது. எகிப்திலே நைல் நதியிலிருந்து செங்கடலுக்குச் செல்லும் பாலைவழியில், வணிகர் இளைப்பாறும் பாறை நிழலொன்றில், அதே பிளோக்காமஸின் அடிமை ஒருவன் தன் பெயரைக் கிரேக்கத்திலும் இலத்தீனிலும் கீறி வைத்திருக்கிறான். லூசாஸ் என்பது அவன் பெயர். தேதியும் இட்டிருக்கிறான், கி.பி. 6ஆம் ஆண்டு யூலை மாதம். 1953இல் இச்செய்தி அச்சேறிய பின்னர், பிளினி சொல்லும் பயணம் அவர் எண்ணியதைவிட முற்பட்ட காலத்தது என்று சிலர் கருதலாயினர். லூசாஸ்தான் இலங்கைக்கு வந்தவன் என்று சொல்வதற்கில்லை. ஆனால் அந்த வீட்டு ஏவலாளர் கூட்டத்தில் ஒருவனாவது தன் பெயரைத் தானே எழுதி வைத்துவிட்டான்.

“அவன் பேரை அவனே போட்டுக்கிட்டான்” என்றாள் தாயாரின் பக்கத்திலிருந்த மகள். பெரியவர்கள் சிரித்தனர். தோட்டத்தை அறியாத வாசகர்க்கு இதன் சுவை விளங்காது. எங்கள் பக்கத்தில் “பேர்” என்றால் ஒரு நாட்கூலி. கொழுந்து குறைந்தால் “அரைப்பேர்”. தன் பேரைத் தானே போட்டுக்கொள்ளும் பாக்கியம் எந்தத் தொழிலாளிக்கும் இருந்ததில்லை.

இந்தக் காசுகள் ஊவாவுக்கு அந்நியமானவை என்றும் கருதவேண்டாம். எல்லவுக்கு அருகே இராவணா நீர்வீழ்ச்சியாக விழும் நீர், கிரிந்தி ஓயாவோடு கலந்து, வெல்லவாயா வழியே இறங்கித் திசமகாராமையைக் கடந்து தென்கடலில் விழுகின்றது. அந்தத் திசமகாராமைப் பக்கத்து அக்குருகொடையிலே உரோமக் காசுகள் கிடைத்துள்ளன. பிராமி எழுத்தில் பெயர் பொறித்த ஈயக் காசுகளும் கிடைத்துள்ளன. அப்பெயர்களுள் தமிழ்ப் பெயர்கள் சில இருப்பதாக ஆய்வாளர் எடுத்துக்காட்டியிருக்கின்றனர். அங்கிருந்து மேற்கே கொடவாயாக் கடலில், முப்பது மீற்றருக்கும் ஆழத்தில், ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் மூழ்கிய கப்பலொன்று 2003இல் கண்டறியப்பட்டது. முதலிற் கண்டோர் சங்கு குளிப்போர். இரும்பும் கண்ணாடிக் கட்டிகளும் அதில் இருந்தன.

வடக்கேயோ மாதோட்டம். அதுவும் யவனர் பொருள்கள் கிடைத்த பழந்துறை. 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு வந்தவர்கள் படகிலிருந்து இறங்கியதும் அதே மன்னார்க் கரையோரந்தான். அங்கிருந்து காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தனர். வழியிலே காய்ச்சலால் மாண்டோர் மிகப் பலர். துறைமுகத்தில் இறங்கிய காசுக்கு எண்ணிக்கை எழுதியிருக்கிறார்கள்; இறங்கி நடந்த அவர்களுக்கு அப்படியொரு நிறைவான கணக்கு இல்லை.

திரும்பும் வண்டியில் ஒரு மாணவன், பதுளையிலே இப்படிப் பார்ப்பதற்கு ஒன்றுமில்லையா என்று கேட்டான். இருக்கிறது, பதுளை நூலக வளாகத்திலேயே நிற்கிறது. மகியங்கனைப் பக்கத்துச் சொரபொர வாவியருகே 19ஆம் நூற்றாண்டில் கண்டெடுத்துக் கொண்டுவரப்பட்ட 10ஆம் நூற்றாண்டுத் தூண் கல்வெட்டு அது. ஓப்பிட்டிகம என்னும் ஊரிலே ஒரு சந்தை இருந்தது. அச்சந்தையின் வணிகரும் ஊராரும், அதிகாரிகள் முறைகேடாகத் தண்டல் செய்கின்றனர் என்று மகியங்கனைக்கு வந்த மன்னனிடம் முறையிட்டனர். அதன் மேல் சந்தைக்கு விதிகள் வகுத்துக் கல்லில் வெட்டிக் கொடுக்கப்பட்டது. தூணின் நான்கு பக்கங்களிலும் இருநூறுக்கு மேற்பட்ட வரிகள் உள்ளன.

அடுத்த சனிக்கிழமை பதினொரு பிள்ளைகள் பதுளைக்கு வந்தனர். அந்தத் தாயாரும் வந்திருந்தார். பழஞ்சிங்கள எழுத்து ஆகையால் எங்களில் எவருக்கும் வாசிக்க இயலவில்லை. பொருளை மட்டும் நான் எடுத்துச் சொன்னேன். அவர் தூணை ஒரு முறை வலமாகச் சுற்றி வந்து, நான்காம் பக்கத்தில் நின்று, எழுத்தின் மேல் விரலை வைத்தும் வைக்காமலும் பார்த்தார்.

“கல்லுல எழுதி வாங்கியிருக்காங்களே, சேர்!” என்றார்.

தெமோதரை பேருந்துக்கு நேரமாகியிருந்தது. பிள்ளைகளை எண்ணிக்கொண்டு நிலையத்தை நோக்கி நடந்தோம்.